யாகூத் மக்களுக்கு என்ன நடந்தது: சரணடைந்தவர்களும் மீன்பிடிக்க அனுப்பப்பட்டவர்களும்

கேள்வி இதுதான்: சைபீரியாவின் யாகூத் மக்களைச் சோவியத் அரசு இனப்படுகொலை செய்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது, இன்னொரு தரப்பு "அவர்களுக்கு எழுத்தும் பள்ளிக்கூடமும் வந்ததே கம்யூனிஸ்டுகளால்தான்" என்கிறது, எதை நம்புவது?

இரண்டு தரப்பும் பாதிதான் சொல்கிறது. பள்ளிக்கூடம் வந்தது உண்மை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பாடநூல் எழுதிய தலைமுறையையே உள்ளே தள்ளியதும் உண்மை. துப்பாக்கியால் செத்தவர்களை நூற்றுக்கணக்கில் எண்ணலாம். இன்னும் சுமார் 2 ஆயிரம் பேர் செத்தது மீன் உற்பத்தியைப் பெருக்குவது பற்றிய ஒரு தீர்மானத்தால். இந்த இரண்டாவது விஷயம்தான் பெரும்பாலும் பேச்சில் வராமல் போகிறது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன்.

முதலில் ஆட்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். "யாகூத்" என்பது ரஷ்யர்கள் வைத்த பெயர், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது "சகா". பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. லேனா ஆற்றின் நடுப்பகுதிதான் மையம். யாகூத்தியா என்றும் சொல்லப்படும் இன்றைய சகா குடியரசின் பரப்பு சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய இந்தியா அளவு, ஆனால் மொத்த மக்கள்தொகை 10 லட்சத்தை ஒட்டித்தான். குளிர்காலத்தில் மைனஸ் 50, சில இடங்களில் மைனஸ் 60 வரை போகும். பனிப்பிரதேசம் என்றதும் கலைமானும் நாய்வண்டியும் நினைவுக்கு வரும், ஆனால் சகா மக்களில் பெரும்பாலோர் மாடும் குதிரையும் வளர்ப்பவர்கள். மாட்டைக் குளிர்காலத்தில் வெளியே விட முடியாது, வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் எட்டு ஒன்பது மாதம் கட்டிவைத்துத் தீனி போட வேண்டும், அந்தத் தீனி முழுவதையும் இரண்டே மாதக் கோடையில் அறுத்துச் சேர்த்தாக வேண்டும்.

அந்தப் புல் விளைவது "அலாஸ்" என்று அவர்கள் சொல்லும் இடத்தில். நிலத்தடியில் உறைந்து கிடக்கும் மண் உருகி உள்வாங்கி, காட்டின் நடுவே தட்டுப் போல ஒரு புல்வெளியும் அதன் நடுவில் ஓர் ஏரியும் உண்டாகும், அதுதான் அலாஸ். ஒரு அலாஸின் புல் எத்தனை மாட்டுக்குப் போதுமோ அத்தனை குடும்பம்தான் அங்கே இருக்க முடியும். அதனால் நம் ஊர் மாதிரி தெருவும் சந்தும் உள்ள கிராமம் அவர்களிடம் இல்லை, இங்கே இரண்டு வீடு, நாலு மைல் தள்ளி மூன்று வீடு, அவ்வளவுதான். பின்னால் வந்த பல கேடுகளுக்கு இந்தக் கணக்கு மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரியாமல் போனதே காரணம், புரிந்த சிலரைத்தான் அவர்கள் முதலில் சுட்டார்கள்.

ஜார் காலமும் சொர்க்கம் ஒன்றும் இல்லை. 1632-ல் லேனா கரையில் ஜாரின் எல்லைப்படை வீரர்களான கோசாக்குகள் கோட்டை கட்டிய நாளிலிருந்து "யசாக்" என்ற பெயரில் கறுஞ்செந்நிற மென்மயிர்த் தோலை வரியாகக் கறந்தார்கள். அப்புறம் அந்த நாட்டையே திறந்தவெளிச் சிறையாக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாடுகடத்தப்பட்டு வந்த புரட்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, பெக்கார்ஸ்கி என்பவர் யாகூத் மொழிக்கு மாபெரும் அகராதி தொகுத்தார். யெமெல்யான் யரஸ்லாவ்ஸ்கி என்ற போல்ஷெவிக், தலைநகர் யாகூத்ஸ்கின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பையன்களுக்கு மார்க்சியம் சொல்லிக்கொடுத்தார். அந்த வட்டத்தில் இருந்த பையன்கள் மக்சிம் அம்மோசவ், பிளத்தோன் ஒயூன்ஸ்கி, இசிதோர் பராஹவ். இந்த மூன்று பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அவர்களைச் சுற்றித்தான் போகிறது.

எழுத்து விவகாரத்தை இங்கேயே முடித்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாகூத் மொழிக்கு இலக்கணம் அச்சாகியிருந்தது, மிஷனரிகள் ரஷ்ய மொழிக்குப் பயன்படும் சிரிலிக் எழுத்தில் நூல்கள் போட்டிருந்தார்கள். முதல் யாகூத் மொழியியலாளர் செம்யோன் நோவ்கரோதவ் சர்வதேச ஒலிக்குறிகளை வைத்து ஓர் எழுத்துமுறை அமைத்து அரிச்சுவடி போட்டது 1917-ல். அதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனது சோவியத் ஆட்சி, அந்தப் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1929-ல் அதை எடுத்துவிட்டு எல்லாத் துருக்கிய மொழிகளுக்கும் பொதுவான லத்தீன் எழுத்தைக் கொடுத்தார்கள், 1939-ல் அதையும் எடுத்துவிட்டுச் சிரிலிக்கைக் கொடுத்தார்கள். நோவ்கரோதவ் எழுத்தில் படித்த ஒருவர் எழுதிவைத்த கடிதத்தை அவருடைய பேரன் எழுத்துக்கூட்டக்கூட முடியாது. இதை வன்முறை என்று சொல்லலாமா என்று கேட்டால் எனக்கு உறுதியான பதில் இல்லை, ஆனால் "எழுத்து கொடுத்தோம்" என்ற வரிக்குப் பக்கத்தில் "மூன்று முறை" என்று சேர்த்துச் சொல்வது நியாயம்.

சரி, வன்முறைக்கு வருவோம். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1921-ல், யாகூத்தியாவில் அதிகாரத்தில் இருந்த கம்யூனிஸ்டுகளில் ஒரு கூட்டம் ஓர் எளிய சூத்திரம் வைத்திருந்தது: படித்தவனும் சொத்துள்ளவனும் எதிரி. "தொயோன்" என்று சொல்லப்பட்ட குலத்தலைவர்கள், கொஞ்சம் மாடு அதிகம் வைத்திருந்தவர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பிடித்து அடைப்பதும் சுடுவதும் நடந்தன. பயந்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள், ஓடியவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள், 1921 கடைசியிலும் 1922 தொடக்கத்திலும் நாடே கலகத்தில் எரிந்தது.

அப்போது அம்மோசவ் கூட்டம் ஒரு காரியம் செய்தது. 1922 மார்ச்சில் அந்தத் தீவிரவாதத் தோழர்களைப் பதவியிலிருந்து இறக்கிக் கைது செய்தார்கள். கலகக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள், வீட்டுக்குப் போகலாம், யாரும் தொட மாட்டோம் என்று. ஏப்ரல் 27-ல் யாகூத் தன்னாட்சிக் குடியரசு பிறந்தது. கிழக்குக் கடலோரத்திலிருந்து, கம்யூனிஸ்டுகளை எதிர்த்த வெள்ளைப்படையின் தளபதி பெப்பெல்யாயெவ் படையோடு வந்ததால் சண்டை 1923 வரை இழுத்தது என்றாலும், மன்னிப்பை நம்பித் திரும்பி வந்த உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது வயது முப்பதுக்குள்! மாஸ்கோவில் யாருக்கும் அந்த மொழி தெரியாது, இவர்களுக்குத் தெரியும், யாரை எப்படிப் பேசி வழிக்குக் கொண்டுவருவது என்றும் தெரியும்.

1924-ல் ஒஹோத்ஸ்க் கடலோரம் துங்குஸ் மக்கள், அதாவது எவெங்கிகள், எழுந்தார்கள். மிஹயில் அர்தேமியெவ் என்ற யாகூத் அதில் ஒரு தலைவர். உள்ளூர் அதிகாரிகளின் அத்துமீறல்தான் காரணம் என்று அரசே ஒப்புக்கொண்டது. 1925 மே மாதம் பேச்சுவார்த்தை நடந்து ஆயுதத்தைக் கீழே போட்டார்கள், மன்னிப்பும் கிடைத்தது. ஆக இரண்டு முறை வாக்கு கொடுக்கப்பட்டு இரண்டு முறையும் ஏறக்குறையக் காப்பாற்றப்பட்டது. மூன்றாவது முறை மக்கள் நம்பியதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது முறை 1927. பாவெல் க்செனஃபோன்தவ் என்று ஒரு வழக்கறிஞர், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். அவர் தொடங்கிய கட்சியின் பெயரை முழுசாகச் சொல்கிறேன்: "இளம் யாகூத் தேசிய சோவியத் சோஷலிச நடுத்தர, ஏழை விவசாயிகளின் கூட்டரசுக் கட்சி". பெயரிலேயே சோவியத் இருக்கிறது, சோஷலிசம் இருக்கிறது, ஏழை விவசாயி இருக்கிறார். இதைத்தான் பின்னால் "பூர்ஷ்வா எதிர்ப்புரட்சி" என்றார்கள். அவர் கேட்டது முக்கியமாக மூன்று. யாகூத்தியா ரஷ்யக் குடியரசுக்குள் அடங்கிய தன்னாட்சிப் பகுதியாக இல்லாமல் உக்ரைன் மாதிரி நேரடி ஒன்றியக் குடியரசாக வேண்டும், சோவியத்துகள் என்ற மக்கள் மன்றங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும், வெளியிலிருந்து விவசாயிகளைக் கொண்டுவந்து குடியேற்றும் திட்டத்தை நிறுத்த வேண்டும். குடியேற்ற பயம் புதியதல்ல. கவிஞர் அலெக்சேய் குலக்கோவ்ஸ்கி 1912-லேயே யாகூத் படிப்பாளிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, குடியேற்றம் வந்தால் நாம் காணாமல் போவோம் என்று எச்சரித்திருந்தார். அதில் அமெரிக்காவோடு சேரலாமா, ஜப்பானோடு சேரலாமா, சீனாவோடு சேரலாமா என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்து, எதுவும் சரிவராது, படித்து முன்னேறுவதுதான் ஒரே வழி என்று முடிக்கிறார். அதைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

கலகம் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. குதிரையில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டுக் கட்சியின் சாசனத்தை வாசித்துக் காட்டினார்கள். எதிரே செம்படை வந்தால் விலகிப் போனார்கள். அரசு மறுபடி மன்னிப்பு தருவதாகச் சொன்னது. க்செனஃபோன்தவ் 1928 ஜனவரி 1-ஆம் தேதி தானாக வந்து சரணடைந்தார், ரத்தம் சிந்தாமல் முடியட்டும் என்று.

சரணடைந்தவர்களை விசாரித்தது நீதிமன்றம் இல்லை. ஓகேபேயூ என்ற ரகசியப் போலீஸின் மூவர் குழு, ரஷ்ய மொழியில் "த்ரோய்கா" என்பார்கள். வக்கீல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது, மூன்று பேர் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அர்தேமியெவ் மார்ச் 27-ல் சுடப்பட்டார், க்செனஃபோன்தவ் மறுநாள். மொத்தம் 128 பேருக்கு மரணம், 130 பேருக்குச் சிறை. யாகூத் அரசாங்கத்தின் பெயரால் கொடுத்த வாக்கை மாஸ்கோவிலிருந்து வந்த போலீஸ் அப்படியே மிதித்துவிட்டுப் போனது. உள்ளூர்த் தலைவர்களையும் விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 9-ல் கட்சியின் மத்தியக் குழு யாகூத் அமைப்பைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டது. தேசிய அறிவாளிகளுக்கு இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பது குற்றச்சாட்டு. அம்மோசவும் பராஹவும் யாகூத்தியாவை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். என்னைக் கேட்டால் திருப்புமுனை 1937 இல்லை, இந்த 1928தான். இதற்கு அப்புறம் "கொஞ்சம் பொறுங்கள், இவர்களிடம் நான் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லக்கூடிய ஆள் யாகூத்ஸ்கில் இல்லாமல் போனார்.

உடனே கூட்டுப்பண்ணை வந்தது. மேலே சொன்ன அலாஸ் கணக்கை நினைத்துப் பாருங்கள். நாலு வீடு நாலு அலாஸில் இருந்தால் புல் போதும், நாற்பது வீட்டையும் மாட்டையும் ஓரிடத்தில் குவித்தால் பக்கத்துப் புல் ஒரு பருவத்தில் தீர்ந்துவிடும், தூரத்து அலாஸில் அறுத்த புல்லைக் குளிர்காலத்தில் வண்டி கட்டி இழுத்துவர வேண்டும். மாட்டைக் கொடுக்க மனமில்லாமல் பலர் வெட்டித் தின்றார்கள், கொஞ்சம் வசதியானவர்களைக் குலாக், அதாவது பணக்கார விவசாயி, என்று முத்திரை குத்தினார்கள். சோவியத் நாடு முழுக்க நடந்த கதைதான், ஆனால் மற்ற இடத்தில் தானியம் போனால் காய்கறியாவது விளையும். இங்கே மாடு செத்தால் பால் இல்லை, பால் இல்லையென்றால் குளிர்காலத்தில் சாப்பாடே இல்லை, காட்டில் பைன் மரத்தின் உள்பட்டையை உரித்து அரைத்துக் கஞ்சியில் போட்டுக் குடிப்பதுதான் மிச்சம்.

சாமியாடிகள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண் சாமியாடியை "ஒயூன்" என்பார்கள், பெண்ணை "உதகான்". 1924-லேயே அவர்களுக்கு எதிராகக் குடியரசு அரசாங்கம் தீர்மானம் போட்டது, அப்புறம் முரசைப் பிடுங்குவது, ஓட்டுரிமையைப் பறிப்பது, பொதுக்கூட்டத்தில் நிறுத்தி "நான் ஏமாற்றினேன்" என்று சொல்லவைப்பது எனப் போய்க் கைதில் முடிந்தது. பிளத்தோன் ஒயூன்ஸ்கியின் உண்மையான குடும்பப் பெயர் ஸ்லெப்த்சோவ், கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் "ஒயூன்ஸ்கி", ஒயூன் என்ற சொல்லிலிருந்தே வந்தது. கம்யூனிஸ்ட் அரசாங்கத்தின் தலைவராக இருந்தவர் சாமியாடியின் பெயரைச் சூடிக்கொண்டு கவிதை எழுதினார். அந்தத் தலைமுறைக்கு இதில் ஒரு முரணும் தெரியவில்லை.

இந்த ஒயூன்ஸ்கி செய்த பெரிய வேலை ஒன்று இருக்கிறது. சகா மக்களின் வாய்மொழிக் காவியத்துக்கு "ஒலொங்கோ" என்று பெயர், பாடுகிறவர் இரவு முழுக்க, சில சமயம் பல இரவுகள் உட்கார்ந்து பாடுவார். அதில் "ந்யுர்குன் போத்தூர்" என்ற காவியத்தை ஒயூன்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில் எழுத்தில் கொண்டுவந்தார், 36 ஆயிரம் வரிகளுக்கு மேல். சகா பிள்ளைகள் இன்று பள்ளியில் படிக்கும் ஒலொங்கோ அவர் கையெழுத்தால் வந்தது.

1937 டிசம்பரில் அவர் சோவியத் ஒன்றியத்தின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் கூட்டத்துக்கு மாஸ்கோ போனார். திரும்பி வரும் வழியில், 1938 பிப்ரவரி 3-ல், இர்கூத்ஸ்கில் கைது. ஒரு பக்கம் ஜப்பானுக்கு வேலை பார்த்தார்கள், இன்னொரு பக்கம் தேசியவாதச் சதி செய்தார்கள் என்று அந்தக் காலத்துக் குற்றப்பத்திரிகைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. 1939 அக்டோபர் 31-ல் யாகூத்ஸ்க் சிறை மருத்துவமனையில் காசநோயோடு இறந்தார். வயது 45. அம்மோசவ் அப்போது வேறொரு குடியரசில், கிர்கிஸ்தானில், கட்சியின் முதல் செயலாளராகப் போயிருந்தார், அவரை அங்கே வைத்துப் பிடித்து 1938 ஜூலையில் சுட்டார்கள். பராஹவ் செப்டம்பரில். சுடப்பட்ட க்செனஃபோன்தவின் அண்ணன் கவ்ரீல், யாகூத் மக்களின் பூர்வ வரலாற்றை ஊர் ஊராக அலைந்து திரட்டிய அறிஞர், அவரையும் ஆகஸ்டில் சுட்டார்கள். ஆக 1922-ல் மன்னிப்பு கொடுத்து ரத்தத்தை நிறுத்தியவர்களும் 1928-ல் மன்னிப்பை நம்பி வந்தவர்களும் பத்தாண்டு இடைவெளியில் ஒரே மாதிரிதான் முடிந்தார்கள். "கம்யூனிஸ்டுகள் யாகூத்களைக் கொன்றார்கள்" என்ற வாக்கியம் முழுதாகப் பொருந்தாமல் போவது இதனால்தான், கொல்லப்பட்ட யாகூத்களில் மிகச் சிறந்த கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள்.

இனி மீன்.

1939 முதல் 1942 வரை நடு யாகூத்தியாவில் தொடர்ந்து வறட்சி. லேனாவுக்குக் கிழக்கே சுராப்சா என்று ஒரு மாவட்டம், அலாஸ்கள் நிறைந்த பகுதி, அங்கே அடி பலமாக விழுந்தது. ஏரிகள் வற்றின, புல் முளைக்கவில்லை, மாடுகள் செத்தன, மனிதர்களும் சாக ஆரம்பித்தார்கள். 1941-ல் போர் தொடங்கி, பருவத்தில் இருந்த ஆண்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாகூத்தியாவிலிருந்து போருக்குப் போனவர்கள் 60 ஆயிரத்துக்கும் மேல். ஊரில் மிஞ்சியது கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள்.

இன்னொரு பக்கம் மாஸ்கோவில் உணவுக் கவலை. 1942 ஜனவரி 6-ல் சைபீரிய, தூரக்கிழக்கு ஆறுகளில் மீன்பிடியைப் பெருக்க மத்திய அரசும் கட்சியும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டன. மீன் இருக்கிறது, பிடிக்க ஆள் இல்லை. யாகூத்ஸ்கில் இருந்த கட்சித் தலைமை இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்: இங்கே பட்டினி கிடக்கும் ஆட்கள், அங்கே ஆள் இல்லாத மீன். 1942 ஆகஸ்ட் 11-ல் முடிவு செய்தார்கள். சுராப்சாவின் 41 கூட்டுப்பண்ணைகளை அப்படியே பெயர்த்து வடக்கே கொப்யாய், ஷிகான்ஸ்க், புலூன் மாவட்டங்களுக்கு அனுப்புவது. புலூன் என்றால் லேனா வடக்குக் கடலில் கலக்கும் முகத்துவாரம், மரமே முளைக்காத இடம். ஏறத்தாழ 5 ஆயிரம் பேர்.

தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் 11. அங்கே செப்டம்பரிலேயே பனி விழத் தொடங்கிவிடும், அக்டோபரில் ஆறு உறைந்துவிடும். இவர்கள் கிளம்ப வேண்டியது அறுவடைக் காலத்தின் நடுவில். ஓர் ஆளுக்கு 16 கிலோ சுமைதான் அனுமதி, பழைய ரஷ்யக் கணக்கில் ஒரு பூது. 16 கிலோவில் எதை எடுப்பது? சமையல் பாத்திரமா, குளிருக்கான தோல் உடுப்பா, பிள்ளையின் போர்வையா? வலை, படகு, அடுப்பு, எல்லாம் அங்கே கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. மிஞ்சிய மாட்டைப் பக்கத்துப் பண்ணைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் கிழவர்களையும் எருது வண்டியில் ஏற்றி, மற்றவர்கள் நடந்தார்கள். சுராப்சாவிலிருந்து லேனா கரையில் நிஷ்னி பெஸ்த்யாக் வரை 170 கிலோமீட்டருக்கு மேல். கரைக்கு வந்தால் படகு தயாராக இல்லை. திறந்த வெளியில், இலையுதிர் காலக் குளிரில், காத்துக் கிடந்தார்கள், முதல் சாவுகள் அங்கேயே விழுந்தன. அப்புறம் சரக்குப் படகுகளில் அடைத்து ஆற்றோடு வடக்கே.

போய் இறங்கிய இடத்தில் வீடு இல்லை. கிடைத்த மரத்தையும் மண்ணையும் பனியையும் வைத்துக் குடிசை போட்டார்கள். சகா மக்களுக்கு மீன்பிடி தெரியாது என்று சொல்ல முடியாது, குளிர்காலத்தில் ஏரிப் பனியைத் துளைத்து ஊரே கூடி வலை இழுப்பது அவர்களுடைய பழைய வழக்கம். ஆனால் அது சின்ன ஏரி, கெண்டை மாதிரி மீன், பிடித்ததை அன்றே பங்கு போட்டுக்கொள்வார்கள். இங்கே மைல் கணக்கில் அகன்ற ஆறு, இரண்டு மீட்டர் கனத்துக்குப் பனி, வலை போதாது, கையுறை கூட இல்லை, மேலே இலக்கு வேறு. பிடித்த மீன் அரசுச் சொத்து. பசியில் ஒரு மீனை மறைத்து எடுத்துப் போனால் அது "சோஷலிசச் சொத்தைத் திருடியது", 1932 ஆகஸ்ட் சட்டப்படி குறைந்தது பத்தாண்டுச் சிறை, மரண தண்டனை வரை போகும். மீனைப் பிடித்துக்கொண்டே பட்டினியால் செத்தார்கள் என்பது மிகைப்படுத்தல் இல்லை.

அதே கடலோரத்தில், அதே மீன்பிடித் தீர்மானத்தின் பேரில், லிதுவேனியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களும் ஃபின்களும் இறக்கப்பட்டிருந்தார்கள். அவர்களும் முதல் குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். லிதுவேனியர்கள் "சிறப்புக் குடியேற்றவாசிகள்", அதாவது அரசின் கணக்கில் தண்டிக்கப்பட்டவர்கள். சுராப்சாக்காரர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. மகன் செம்படையில் போர்முனையில் நிற்கிறான், தாயைச் சொந்தக் குடியரசின் அரசாங்கமே கடலோரத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. காகிதத்தில் இது "இடமாற்றம்", விருப்பத்தின் பேரில் போனதாகக்கூட எழுதிவைத்தார்கள். கூட்டுப்பண்ணை விவசாயிக்கு அப்போது உள்நாட்டுப் பாஸ்போர்ட் கிடையாது, விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் எங்கே போக முடியும்?

இறந்தவர்கள் எண்ணிக்கை 2 ஆயிரத்தை ஒட்டி என்று அங்குள்ள ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். போனவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். சிலர் அனுமதி இல்லாமலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பனியில் நடந்து திரும்பினார்கள், வழியில் விழுந்தவர்கள் அங்கேயே கிடந்தார்கள். 1944-ல்தான் திரும்ப முறையான அனுமதி வந்தது. திரும்பியவர்கள் கண்டது வெறும் அலாஸ். மாடு போய்விட்டது, வீட்டை விறகுக்கோ வேறு கட்டடத்துக்கோ பிரித்துக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த 41 பண்ணைகளின் பல ஊர்கள் மறுபடி எழவே இல்லை. சோவியத் காலம் முழுக்க இது பற்றி வெளிப்படையாக ஒரு வரி எழுத முடியாது. பேச ஆரம்பித்ததே 1980-களின் கடைசியில்தான். இன்று சுராப்சாவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

இப்போது இனப்படுகொலை என்ற சொல்லுக்கு வருகிறேன். சோவியத் கணக்கெடுப்பில் யாகூத்கள் 1926-ல் சுமார் 2.4 லட்சம். 1939-ல் 2.42 லட்சம். 1959-ல் சுமார் 2.37 லட்சம். முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு மக்களினம் வளரவே இல்லை, இறங்கியிருக்கிறது, அதே காலத்தில் யாகூத்தியாவின் மொத்த மக்கள்தொகை சுரங்கத்துக்கும் முகாமுக்கும் வந்தவர்களால் பெருகிக்கொண்டே போனது. போர், வறட்சி, காசநோய், கூட்டுப்பண்ணை எல்லாம் சேர்ந்து தின்றது. யாகூத்களை யாகூத்கள் என்பதற்காகவே ஒழிப்பது என்று ஓர் உத்தரவு இருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆகவே சட்டப் பொருளில் அந்தச் சொல்லை நான் போட மாட்டேன். போடவில்லை என்பதற்காக இது இயற்கைச் சீற்றம் ஆகிவிடாது. வறட்சி இயற்கை, ஆகஸ்ட் 11-ஆம் தேதி இயற்கை இல்லை. அந்தச் சொல்லுக்காகச் சண்டை போட்டே நேரம் போய்விடுகிறது, சுராப்சா என்ற பெயர் யாருக்கும் தெரியாமலே விவாதம் முடிந்துவிடுகிறது, அதுதான் எனக்கு எரிச்சல்.

யாகூத்தியாவுக்குக் கிழக்கே இருந்த கொலிமா கைதி முகாம்களையும் இதோடு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. மகதானிலிருந்து யாகூத்தியாவுக்குள் வரும் "எலும்புச் சாலை" கைதிகள் போட்டது, செத்தவர்கள் அதன் ஓரத்திலேயே புதைந்தார்கள், அது உண்மை. ஆனால் அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர் என்று வெளியிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் வேறொரு பங்கு இருந்தது, தப்பி ஓடும் கைதியைப் பிடித்துக்கொடுத்தால் சன்மானம். பசித்த ஊரில் மாவுக்காக அதைச் செய்தவர்களும் இருந்தார்கள். இதையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதிக் கதை.

ஸ்டாலின் காலத்துக் கடைசி அடி புத்தகத்தின் மேல் விழுந்தது. கியோர்கி பஷாரின் என்ற வரலாற்றாசிரியர் 1944-ல் குலக்கோவ்ஸ்கி, சஃப்ரோனவ், நெஉஸ்த்ரோயெவ் என்ற மூன்று யாகூத் எழுத்தாளர்களைப் பற்றி ஒரு நூல் போட்டார். 1951 டிசம்பரில் கட்சியின் நாளேடான பிராவ்தா அதைத் தாக்கிக் கட்டுரை வெளியிட்டது, 1952 பிப்ரவரியில் யாகூத்ஸ்க் கட்சிக் குழு கண்டனத் தீர்மானம் போட்டது. பஷாரினின் முனைவர் பட்டம் பறிபோனது, வேலை பறிபோனது, செத்துப்போன மூன்று எழுத்தாளர்களும் மறுபடி தடை செய்யப்பட்டார்கள். அந்த மூவரில் சஃப்ரோனவ் ஏற்கெனவே முகாமுக்குப் போய்த் திரும்பி 1935-ல் காசநோயில் இறந்தவர். ஆளைச் சாகடித்துப் பதினேழு ஆண்டு கழித்துப் புத்தகத்தைச் சாகடிப்பது! பத்தாண்டு கழித்து, 1962-ல், தீர்மானம் தவறு என்று இன்னொரு தீர்மானம் போட்டார்கள்.

அதற்கு அப்புறம் சுடுவது நின்றது, வேறு வகைகள் வந்தன. 1950-களில் வைரம் கிடைத்தது, மீர்னி நகரம் எழுந்தது, வில்யூய் ஆற்றில் அணை வந்து மேய்ச்சல் நிலங்கள் முழுகின. 1974-லிருந்து 1987 வரை யாகூத்தியாவின் நிலத்தடியில் 12 அணுவெடிப்புகள், பெயர் "அமைதிப் பயன்பாட்டுக்கானவை". அதில் 1974-ல் ஒன்றும் 1978-ல் ஒன்றும் கட்டுமீறிக் கதிர்வீச்சு வெளியே வந்தது, சுற்றியிருந்த ஊர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. 1926-ல் சொந்த நாட்டில் 82 சதவீதமாக இருந்த சகா மக்கள் 1989-ல் 33 சதவீதம். குலக்கோவ்ஸ்கி 1912-ல் பயந்தது இதைத்தான், க்செனஃபோன்தவ் 1927-ல் கேட்டதும் இதைத்தான். 1986 வசந்தத்தில் யாகூத்ஸ்கில் ரஷ்ய இளைஞர்களுக்கும் யாகூத் மாணவர்களுக்கும் அடிதடி நடந்து, மாணவர்கள் ஊர்வலம் போனபோது, கட்சி அதற்கு வைத்த பெயர் அதே பழைய பெயர்: தேசியவாதம்.

கடைசியாக, "இப்போது அங்கே இதை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள்" என்று கேட்டால்: ஒயூன்ஸ்கியை 1955-ல் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள், யாகூத்ஸ்கின் சகா நாடக அரங்கம் அவர் பெயரில்தான் இயங்குகிறது, அங்கே ஒலொங்கோவை மேடையேற்றுகிறார்கள். அங்கிருந்து பழைய சாமியாடிகளின் உடுப்பையும் முரசையும் பார்க்க வேண்டுமென்றால் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அதன் பெயர் யரஸ்லாவ்ஸ்கி அருங்காட்சியகம். ஒரு காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டே பையன்களுக்கு மார்க்சியம் சொல்லிக்கொடுத்த அதே யரஸ்லாவ்ஸ்கி, பின்னால் மாஸ்கோவில் போராடும் நாத்திகர் கழகத்தின் தலைவராக இருந்தவர். பெயரை இன்னும் மாற்றவில்லை.